சந்திக்காத சாலைகள்

தெற்கு பெங்களூரில், பன்னேர்கட்டா சாலையோரம் ஜெயதேவா இதய மருத்துவமனை இருக்கிறது. அதையொட்டிய சந்திப்பில் போக்குவரத்து ஐந்து அடுக்குகளாக ஓடும்படி கட்டியிருக்கிறார்கள். அடியில் அண்டர்பாஸ். தரையில் பழைய சாலை. அதற்கு மேலே ராகிகுட்டாவையும் சென்ட்ரல் சில்க் போர்டையும் இணைக்கும் 3.3 கி.மீ. மேம்பாலம். மேம்பாலத்துக்கும் மேலே மஞ்சள், பிங்க் என்று இரண்டு மெட்ரோ பாதைகள். இவற்றுக்கு இடம் கொடுக்க, அங்கே ஏற்கெனவே இருந்த மேம்பாலத்தை 2020இல் இடித்தார்கள். புதிய கட்டுமானத்தில் ஒரே தூண் வரிசைதான். அது தரையிலிருந்து சுமார் 8 மீட்டர் உயரத்தில் சாலையையும், சுமார் 16 மீட்டர் உயரத்தில் மஞ்சள் பாதை ரயிலையும் தாங்கி நிற்கிறது.

அண்டர்பாஸில் போகும் ஆட்டோ, தரையில் சிக்னலுக்குக் காத்திருக்கும் பேருந்து, மேம்பாலத்தில் விரையும் கார், அதற்கும் மேலே போகும் ரயில், எல்லாவற்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை ஒன்றே: ஏறக்குறைய 12.92 டிகிரி வடக்கு, 77.60 டிகிரி கிழக்கு. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்திருக்கும் கணினிக்கு அங்கே இருப்பது ஒரே ஒரு புள்ளி. ஆனால் நெஞ்சுவலிக்காரரை ஏற்றிக்கொண்டு வரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு அடுக்குதான் எல்லாம். சரியான அடுக்கில் வந்தால் மருத்துவமனை வாசல். தவறான அடுக்கில் ஏறிவிட்டால், அடுத்த இறக்கம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். அத்தனை வாகனங்களுக்கு நடுவே அது எத்தனை நிமிடம் என்பது பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வழிகாட்டும் செயலிக்குப் பின்னால் இருக்கும் தரவுத்தளம் ஒரு நகரத்தைப் படமாகச் சேமிப்பதில்லை. அதனிடம் இருப்பது புள்ளிகளின் பட்டியலும், எந்தப் புள்ளி எதனுடன் இணைகிறது என்ற பட்டியலும்தான். கணிதத்தில் இதைக் கோட்டுரு என்பார்கள். புள்ளிகள் கணுக்கள், இணைப்புகள் விளிம்புகள். 1736இல் லியோனார்ட் ஆய்லர் கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களை வைத்து இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டார். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து நகரைச் சுற்றி வர முடியாது என்று நிறுவ, அவருக்குப் பாலத்தின் நீளமோ ஆற்றின் அகலமோ தேவைப்படவில்லை. எது எதோடு இணைகிறது என்பது மட்டும் போதுமாக இருந்தது.

இங்கேதான் மேம்பாலம் சிக்கலைக் கிளப்புகிறது. காகிதத்தில் இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டினால், வெட்டும் இடம் ஒரு சந்திப்பு என்றே கண் எடுத்துக்கொள்ளும். பழைய ஊர்களின் வரைபடத்துக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் ஜெயதேவாவில் மேலிருந்து பார்த்தால் வெட்டிக்கொள்ளும் கோடுகள் தரையில் சந்திப்பதே இல்லை. அந்த வெட்டுப்புள்ளியில் தெரியாத்தனமாக ஒரு கணுவை வைத்துவிட்டால் செயலி கொஞ்சமும் கூசாமல் சொல்லும்: மேம்பாலத்தின் நடுவில் வலது பக்கம் திரும்புங்கள். எட்டு மீட்டர் கீழே உள்ள சாலைக்கு!

சமதளத்தில் எந்தக் கோடும் இன்னொன்றை வெட்டாமல் வரையக்கூடிய கோட்டுருக்கள் ஒரு தனி வகை. மூன்று வீடுகளுக்கும் தண்ணீர், எரிவாயு, மின்சாரம் மூன்றையும் குழாய்கள் குறுக்கிடாமல் கொடுக்க முடியுமா என்ற பழைய புதிர் பலருக்கு நினைவிருக்கும். முடியாது. எது அந்த வகையில் சேரும், எது சேராது என்பதற்கான முழு விடையை போலந்துக் கணிதவியலாளர் காசிமியெஷ் குராடோவ்ஸ்கி 1930இல் கொடுத்தார். புதிரில் தோற்கும் குழாய்க்காரர் ஒரு குழாயை இன்னொன்றின் மேலே தூக்கிக்கொண்டு போனால் ஜெயித்துவிடுவார்; நகரங்கள் மேம்பாலம் கட்டும்போது செய்வது அதைத்தான். டேவிட் எப்ஸ்டீனும் மைக்கேல் குட்ரிச்சும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, உண்மையான சாலை வலையமைப்புகள் சமதள வகையில் அடங்குவதில்லை என்பதைத் தரவுகளோடு காட்டியது. ஜெஃப் போயிங் 2018இல் உலகின் 50 நகரங்களை எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சமதளமாக நினைத்துக் கணக்கிட்டால் இல்லாத சந்திப்புகளெல்லாம் எண்ணிக்கையில் சேர்ந்துவிடுகின்றன என்று காட்டினார்.

இந்தத் தவறு ஏட்டளவில் நின்றதில்லை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் தயாரித்த டைகர் என்ற சாலைத் தரவை, தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் 2007, 2008 ஆண்டுகளில் மொத்தமாக ஏற்றினார்கள். கணக்கெடுப்புக்காரர்களுக்கு வேண்டியிருந்தது, எந்த வீடு எந்தத் தெருக்கட்டத்தில் இருக்கிறது என்ற விவரம். வண்டி எங்கே திரும்பும் என்பது அவர்கள் கவலையாக இல்லை. ஏற்றி முடித்த பிறகு, பல இடங்களில் நெடுஞ்சாலைப் பாலங்கள் தங்களுக்குக் கீழே ஓடும் தெருக்களோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த முடிச்சுகளைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாக, கையால் அவிழ்க்க வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிரான ஓர் இடமும் பெங்களூரிலேயே உண்டு. ரிச்மண்ட் சர்க்கிள் மேம்பாலத்தில், மேலேயே கிளைகள் கூடுகின்றன. பாலத்தின் மேலேயே வாகனங்கள் சிக்னலில் நிற்கின்றன. பாலம் என்றால் சந்திப்பு இருக்காது என்று எழுதிவைத்த மென்பொருள் இங்கே ஏமாந்துவிடும். ஆகவே தரவுத்தளத்தில் ஊகத்துக்கு இடம் தரக் கூடாது. எங்கே உண்மையில் திரும்ப முடியுமோ அங்கே மட்டும் இரண்டு கோடுகளும் ஒரு கணுவைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அது தரையானாலும் சரி, ஆகாயமானாலும் சரி.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு மேம்பாலத் துண்டு எப்படிப் பதிவாகும் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். முதலில் அந்தத் துண்டு எந்தெந்தக் கணுக்கள் வழியாகப் போகிறது என்ற வரிசை. பிறகு சின்னச் சின்னக் குறிப்புகள்: ‘ஹைவே’ என்பதற்கு எதிரே சாலையின் தரம், ‘பிரிட்ஜ்’ என்பதற்கு எதிரே ‘ஆம்’, ‘ஒன்வே’ என்பதற்கு எதிரே ‘ஆம்’, ‘லேயர்’ என்பதற்கு எதிரே 1. அண்டர்பாஸ் என்றால் ‘லேயர்’ மைனஸ் 1. குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் சுழியம். வழக்கமாக மைனஸ் 5 முதல் 5 வரை எண்கள் போடலாம். ஜெயதேவாவின் ஐந்து அடுக்குகளும் இதற்குள் தாராளமாக அடங்கிவிடும்.

இந்த எண் உயரத்தைச் சொல்வதில்லை. குறுக்கிடும் இடத்தில் எது மேலே, எது கீழே என்ற வரிசையை மட்டும் சொல்கிறது. ஓரிடத்தில் ‘லேயர் 1’ என்பது ஆறு மீட்டராக இருக்கலாம், இன்னோரிடத்தில் பன்னிரண்டாக இருக்கலாம். குறையாகத் தோன்றினாலும் இது நல்ல ஏற்பாடு. சாலையோரம் நிற்கும் யார் வேண்டுமானாலும், எந்தக் கருவியும் இல்லாமல், எது எதற்கு மேலே போகிறது என்று பார்த்துச் சொல்லிவிடலாம். உயரத்தை மீட்டரில் அளக்கச் சொன்னால் தன்னார்வலர் வரைபடம் பாதி நகரத்தைத் தாண்டியிருக்காது.

வணிக நிறுவனங்களின் தரவு வேறு வழியில் போகிறது. அங்கே அடுக்கு எண் கோட்டின் இரு முனைகளுக்கும் தனித்தனியாகத் தரப்படும். இரண்டு கோடுகளின் முனைகள் ஒரே இடத்தில் வந்து, அடுக்கு எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டுமே மென்பொருள் அவற்றை இணைக்கும். இதனால் பலன் பெறுவது ராம்ப். சாலையிலிருந்து மேம்பாலத்துக்கு ஏறும் அந்தச் சரிவு, ஒரு முனையில் சுழியத்திலும் மறு முனையில் ஒன்றிலும் இருக்கிறது. முழு நீளத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் அது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்ற குழப்பம் வரும். ஒரு நகரத்தின் வரைபடத் தரவு தேறுமா என்று பார்க்க வேண்டுமானால் பிரம்மாண்டமான பாலங்களைப் பார்ப்பதைவிட ராம்ப்களைப் பார்ப்பது மேல். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

சரி, இந்த விவரமெல்லாம் எப்படிச் சேகரிக்கப்படுகிறது? செயற்கைக்கோள் படம் இங்கே பாதிக்கு மேல் உதவாது. அடுக்கிவைத்த இட்லித் தட்டுகளை மேலிருந்து பார்த்தால் மேல் தட்டு மட்டுமே தெரிவதுபோல, ராகிகுட்டா மேம்பாலப் பகுதியை விண்ணிலிருந்து எடுத்த படத்தில் முன்னால் நிற்பது மெட்ரோ பாதை. அதன் கீழே மேம்பாலம் மறைகிறது. மேம்பாலத்துக்கும் கீழே தரைச்சாலையின் நடுப்பகுதி நிழலில் போய்விடுகிறது. ஆகவே யாராவது கேமராவும் லேசர் அளவுக்கருவியும் பொருத்திய வாகனத்தில் ஒவ்வொரு அடுக்கிலும் ஓட்டிப்போய்த்தான் ஆக வேண்டும்.

இந்தியாவில் அது எளிதாக நடந்துவிடவில்லை. கூகுளின் ஸ்ட்ரீட் வியூ வாகனங்கள் 2011இல் பெங்களூரில்தான் முதலில் இறங்கின. பாதுகாப்புக் காரணம் காட்டி நகரக் காவல்துறை சில வாரங்களிலேயே நிறுத்தச் சொன்னது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலையில், இந்திய நிறுவனங்களான ஜெனசிஸ் இன்டர்நேஷனலும் டெக் மஹிந்திராவும் படமெடுத்துக் கொடுக்க, அந்தச் சேவை பெங்களூரு உள்ளிட்ட பத்து நகரங்களில் மறுபடி தொடங்கியது. இடையில் விதியும் மாறியிருந்தது. 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதல், கிடைமட்டத்தில் 1 மீட்டர், செங்குத்தில் 3 மீட்டர் என்று ஒரு வரம்பு வைத்தது. அதைவிட நுட்பமான தரவை இந்திய நிறுவனங்கள் மட்டுமே உருவாக்கலாம், வைத்துக்கொள்ளலாம். எட்டு மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு சாலைகளை வேறுபடுத்த 3 மீட்டர் துல்லியம் போதும். ஆனால் லாரியின் தலைக்கும் அண்டர்பாஸின் கூரைக்கும் உள்ள இடைவெளியைச் சொல்ல அது போதவே போதாது.

உயரம் என்றதும் இன்னொரு கேள்வி எழுகிறது: எதிலிருந்து உயரம்? பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதாகப் பள்ளியில் படித்திருப்போம். ஆனால் ஜி.பி.எஸ். முதலில் கணக்கிடுவது கடல்மட்டத்திலிருந்து அல்ல. பூமியின் வடிவத்துக்கு ஏறத்தாழப் பொருந்தும் ஒரு கணித நீள்கோளத்திலிருந்து. தென்னிந்தியாவில் உண்மையான கடல்மட்டப் பரப்பு அந்தக் கோளத்துக்குச் சுமார் 80, 90 மீட்டர் கீழே கிடக்கிறது. காரணம், இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைந்த மாபெரும் பகுதி ஒன்று இருக்கிறது. அதன் மையத்தில் கடல்மட்டம் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. அது எப்படி உருவானது என்பதற்கு, பூமியின் மேலோட்டுக்கு அடியில் உள்ள சூடான, அடர்த்தி குறைந்த பொருளைக் காட்டி 2023இல் ஒரு விளக்கம் தந்தவர்கள் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பாலும் ஆத்ரேயி கோஷும். ஆக, இரண்டு தரவுத் தொகுப்புகளை ஒன்றாகச் சேர்க்கும்போது ஒன்று நீள்கோள உயரத்தையும் மற்றது கடல்மட்ட உயரத்தையும் வைத்திருந்தால், மேம்பாலம் தரைச்சாலையைவிட 80 மீட்டர் கீழே, மண்ணுக்குள் போய்விடும்.

தரவுத்தளம் சரியாக இருந்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. வண்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று கைபேசி கண்டுபிடிக்க வேண்டும். திறந்த வெளியில் கைபேசியின் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டர் பிசகும். உயரத்தில் பிசகு இன்னும் அதிகம். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலே மட்டும் இருப்பதால் கணக்கு அந்தத் திசையில் தளர்ந்துவிடுகிறது. மேம்பாலத்துக்கு அடியில் போனாலோ, கான்கிரீட்டில் பட்டுத் தெறித்து வரும் அலைகள் கிடைமட்ட இருப்பிடத்தையும் குலைத்துவிடும்.

2010 ஜனவரியில் திறக்கப்பட்ட எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலையில் இந்தச் சோதனை கிட்டத்தட்ட 10 கி.மீ. நீள்கிறது. கீழே ஓசூர் சாலை. அதே கோட்டில் மேலே சுங்கச் சாலை. கீழே போகிறவர் வழியிலுள்ள எந்தத் தெருவுக்கும் திரும்பலாம். மேலே ஏறிவிட்டவர் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. இரண்டுக்கும் கிடைமட்ட வித்தியாசம் சில மீட்டர்கூட இல்லை.

கணினி இதைத் துப்பறிந்துதான் தீர்க்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பால் நியூசனும் ஜான் க்ரம்மும் 2009இல் வெளியிட்ட முறை பரவலாகப் பயன்படுகிறது. அது ஒவ்வொரு இருப்பிடப் புள்ளியையும் தனியாக எடைபோடாமல், பயணத்தின் முழுத் தடத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. இந்த நொடி இந்த வண்டி மேலே இருக்கிறது என்றால், சில நிமிடங்களுக்கு முன் ராம்ப் வழியாக ஏறியிருக்க வேண்டும். ஏறியதற்குத் தடம் இருக்கிறதா? மேலேயும் கீழேயும் இணைக்கும் கணு வழியில் இல்லை என்றால் நடுவில் அடுக்கு மாறியிருக்க வழியில்லை. தரவுத்தளத்தில் இணைப்புகளைக் கறாராகப் பதிந்ததன் பலன் இங்கே கிடைக்கிறது. மாறாக ஒரே ஒரு கணு தவறாக முளைத்திருந்தாலும், செயலி வண்டியை ராம்ப் இல்லாத இடத்தில் மேலிருந்து கீழே இறக்கிவிடும்.

பல கைபேசிகளில் காற்றழுத்தமானியும் இருக்கிறது. பெங்களூரின் உயரத்தில், ஒரு மீட்டர் மேலே போனால் காற்றழுத்தம் ஏறக்குறைய 10 பாஸ்கல் குறையும். எட்டு மீட்டர் மேம்பாலம் ஏறினால் 80 பாஸ்கல். அந்தச் சின்ன வித்தியாசத்தைக் கைபேசி உணரி நன்றாகவே பிடித்துவிடும். ஆனால் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தானாகவே நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு வாக்கில் சரிவு. வித்தியாசம் 300 பாஸ்கல் வரை போகும், அதாவது சுமார் 30 மீட்டர் ஏறியதற்குச் சமம். எனவே எண்ணைப் பார்த்து உயரம் சொல்ல முடியாது. அரை நிமிடத்துக்குள் எவ்வளவு மாறியது என்பதையே பார்க்க வேண்டும். காலையில் பார்த்ததற்கும் மாலையில் பார்த்ததற்கும் ஒப்பீடே கிடையாது.

இத்தனை கணக்கும் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டியதில்லை. அவருக்குத் தேவை, ஏறவா வேண்டாமா என்ற ஒரு சொல்; அதுவும் ராம்ப் வருவதற்கு முன்னால். கூகுள் மேப்ஸ் 2024 ஜூலையில் இந்தியாவின் 40 நகரங்களில் மேம்பால அறிவிப்பைக் கொண்டுவந்தது. உள்நாட்டு நிறுவனமான மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் செயலி, சந்திப்பை முப்பரிமாணப் படமாகவே காட்டி எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று அம்புக்குறி போடுகிறது. 2025 அக்டோபரில் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் குறிப்பிட்டுப் பாராட்டியது இந்த வசதியைத்தான். நகரங்களில் மேம்பாலம் வந்து பல பத்தாண்டுகள் கழித்து இந்தச் சிறிய உதவி வந்திருக்கிறது. தாமதம்தான், ஆனாலும் அருமையான வேலை.

அடுக்குகள் காலத்தோடும் மாறுகின்றன. ராகிகுட்டா மேம்பாலம் 2024 ஜூலையில் திறக்கப்பட்டபோது ஒரு திசைக்கு மட்டுமே, சில்க் போர்டு நோக்கிப் போகிறவர்களுக்கு மட்டுமே, வழி விட்டார்கள். கட்டடம் கண்ணெதிரே நின்றது, வழி பாதிதான். அதன் மேலே மஞ்சள் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது 2025 ஆகஸ்டில். ஒரே தூண் வரிசையின் இரண்டு அடுக்குகளுக்கு இரண்டு பிறந்தநாள். மழைக்காலத்தில் இந்த மாற்றம் மணிக்கணக்கில் நடக்கும். 2023 மே 21 அன்று கொட்டிய மழையில் கே.ஆர். சர்க்கிள் அண்டர்பாஸ் தண்ணீரால் நிரம்பியது. அதற்குள் சிக்கிய காரில் இருந்த இளம்பெண் உயிரிழந்தார். அந்த வழியைச் சற்று நேரத்துக்கு மூட வேண்டும் என்ற செய்தியைத் தரவுத்தளத்துக்குச் சொல்லும் வழி இருந்தாக வேண்டும். ‘லேயர் மைனஸ் 1’ என்று குறிக்கப்பட்ட ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நீர்மட்ட உணரி வைத்து, அதை நேரடியாக வரைபடத்தோடு இணைப்பது இன்றைய தொழில்நுட்பத்துக்கு எட்டாத வேலை இல்லை.

கால்நடையாகப் போகிறவர்களின் நிலை இன்னும் பின்தங்கியிருக்கிறது. பெங்களூரின் மெஜஸ்டிக் நிலையத்தில் ஊதா, பச்சை மெட்ரோ பாதைகள் தரைக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடக்கின்றன. சுற்றிலும் பேருந்து நிலையங்கள், ரயில் நிலையம். எந்த வாசலில் லிஃப்ட் இருக்கிறது, எந்தப் படிக்கட்டு எந்தத் தளத்தில் விடும், சக்கர நாற்காலி எந்த வழியாகப் போக முடியும்? கட்டடத்தின் உள்ளே உள்ள தளங்களைப் பதிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ‘லெவல்’ என்ற தனிக் குறிப்பு உண்டு. லிஃப்ட் என்பது பல தளங்களையும் ஒரே இடத்தில் இணைக்கும் கணு. சாலை உலகத்தில் அதற்கு இணை மிக அரிது. ஹாங்காங்கில் அரசின் நிலத்துறை, நடைபாதை, நடைமேம்பாலம், சுரங்க நடைபாதை எல்லாவற்றையும் முப்பரிமாண வலையமைப்பாகத் தொகுத்து இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. மெஜஸ்டிக்கில் மூட்டை முடிச்சோடு இறங்கும் பயணிக்கு அப்படியொன்று கிடைத்தால் எவ்வளவு நிம்மதி!

பெங்களூரு இப்போது கீழ்நோக்கியும் வளரத் திட்டமிடுகிறது. ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை சுமார் 17 கி.மீ. நீளத்துக்கு இரட்டைச் சுரங்கச் சாலை அமைக்கக் கர்நாடக அரசு முன்வந்திருக்கிறது. அந்தத் திட்டம் வேண்டுமா என்ற விவாதம் தனி. வந்தால், அதன் வெளியேறும் ராம்ப்கள் எல்லாம் செயற்கைக்கோள் அலை எட்டாத ஆழத்தில் தொடங்கும். சிகாகோவில் 1926இல் திறந்த வேக்கர் டிரைவ் என்ற இரட்டை அடுக்குச் சாலையின் கீழ்த்தளத்தில் ஜி.பி.எஸ். திக்குமுக்காடுவது பிரசித்தம்; அங்கே சுவரில் சிறிய புளூடூத் பீக்கன்களைப் பொருத்தி, அவற்றின் அலையை வைத்து வண்டி எங்கே இருக்கிறது என்று கைபேசிக்குச் சொல்ல வைத்தார்கள். கட்டி முடித்த பிறகு ஒட்டுப்போட்ட வேலை அது. இங்கே டெண்டர் ஆவணத்திலேயே பீக்கன்களையும், ஒவ்வொரு ராம்பின் இரு முனை அடுக்கு எண்களையும், கூரை உயரத்தையும் கேட்டு வாங்கி, திறப்பு விழாவுக்கு முன்பே எல்லா வரைபட நிறுவனங்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் கொடுத்துவிடலாம். கான்கிரீட்டுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது கணக்கிலேயே வராது.